துருக்கை

அந்த ஊக்கைக் கழற்றிவிடுங்கள் டீச்சர். தோளில் குத்தியிருக்கிறீர்களே, அதுதான். துரு ஏறியிருக்கிறது. வெள்ளைப் புடவையில் பட்டால் போகவே போகாது. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டாலும் மஞ்சளாக ஒரு கறை நிற்கும். இந்தாருங்கள், என்னிடம் வேறு இருக்கிறது. டீச்சர் என்று எப்படித் தெரியுமா? மடியில் விடைத்தாள் கட்டு வைத்திருக்கிறீர்களே. இந்த பஸ்ஸில் திருநெல்வேலி வரைக்கும் போகிறீர்களா? நானும் அங்கேதான். எம்.எஸ்ஸி. வேதியியல், கடைசி வருடம். பேர் பெனில்டா.

துருவைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை இப்போதெல்லாம். சிரிக்காதீர்கள். விடுதியில் என்னை 'வக்கீலம்மா' என்று கூப்பிடுகிறார்கள், எதற்கெடுத்தாலும் வாதம் செய்கிறேனாம். நான் வாதத்துக்காக வாதம் செய்கிறவள் கிடையாது. தப்பு என்று பட்டால் கேட்பேன். கேட்காமல் இருந்தால் படித்து என்ன பிரயோசனம்? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரே அக்கா. எமரென்சியா, எமி அக்கா. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அப்பா நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவும் நான்கு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் கன்னியர் மடத்தை ஒட்டி ஒரு லேஸ் அறை இருக்கிறது. முப்பது பெண்கள் உட்கார்ந்து கையால் லேஸ் பின்னுகிறார்கள். அம்மா அங்கேதான் இருந்தாள். பிளஸ் டூ முடித்த மறு வாரம் அக்காவும் போய் உட்கார்ந்தாள். என்னைப் படிக்க வைத்தது அந்த நாற்காலிதான். அதை நான் மறைக்கவில்லை. மேடை கிடைத்தால்கூடச் சொல்வேன்.

லேஸ் எப்படிப் பின்னுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? மடியில் உருட்டுத் தலையணை. அதன்மேல் துளை போட்ட அட்டை. நூல் சுற்றிய குச்சிகள் நாற்பது, ஐம்பது, சில வேலைக்கு நூற்றறுபது தொங்கும். குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு, நூல் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குண்டூசி குத்துவார்கள். ஊசிதான் பின்னலைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னிக்கொண்டே போகும்போது பின்னால் இருக்கிற ஊசியை உருவி முன்னால் குத்த வேண்டும். சாயங்காலம் மிச்ச ஊசி எல்லாம் ஊசிமெத்தையில். உள்ளங்கை அகலம் ஒரு துணி உருண்டை, ஆளுக்கு ஒன்று, அவரவர் கையால் தைத்தது. உள்ளே என்ன அடைக்கிறார்கள் என்பதுதான் விஷயமே.

முடி டீச்சர். தலைமுடி. சீப்பில் வருகிற முடியை விரலில் சுற்றிச் சுற்றி, ஒரு டப்பாவில் சேர்த்து, அதை அடைக்கிறார்கள். முடியில் தேங்காயெண்ணெய் இருக்கிறதாம், அது ஊசியைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுமாம்.

போன கிறிஸ்துமஸ் லீவில் அக்கா அதைப் பிரித்துத் திரும்ப அடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இது என்ன அசிங்கம்? குழந்தை ஞானஸ்நானத்துக்கு உடுத்துற லேஸு, அதுல குத்துற ஊசியை முடியில போட்டு வைப்பியா?" என்றேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் மக்களே" என்றாள். என்னை எப்போதும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாரும் செய்தா சரியாயிருமா?"

"அம்மைக்க முடியும் இதில உண்டு" என்றாள். சும்மா, தகவல் சொல்கிற மாதிரி.

அன்றைக்கு அதோடு எழுந்து போய்விட்டேன். ஆனால் விடவும் இல்லை. மறுநாள் நேரே லேஸ் அறைக்குப் போனேன். பொறுப்பில் இருக்கிற சிஸ்டர் கொர்னேலியா நல்லவர், வயதானவர், படித்தவர்கள் பேசினால் கை கட்டிக் கேட்பார். வெளிநாட்டுக்கு எழுத வேண்டிய கடிதமெல்லாம் பத்தாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் எனக்கு அங்கே ஒரு மரியாதை. முப்பது பேர் முன்னால் நின்று சுகாதாரம் பற்றிப் பேசினேன். முடிக்குப் பதில் என்ன அடைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். தவிடு என்றார்கள், வண்டு வரும், எலி இழுக்கும். மணல், கனம், ஊசி முனை மழுங்கும். பஞ்சு, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மரத்தூள், பால் மரமாக இருந்தால் பிசின். காப்பித்தூள் வடித்த சக்கையைக் காயவைத்து அடைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன், சொன்னேன். "கட்டஞ்சாயா குடிக்கிற ஊர்ல காப்பிச் சக்கைக்கு எங்க போறது, உங்க காலேஜிலயிருந்து மணியார்டர்ல அனுப்புவியா?" என்று குருசம்மை சித்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

குருசம்மை சித்தி அந்த அறையில் மூத்தவள். அம்மாவோடு உட்கார்ந்தவள். வாய் என்றால் அவளுக்குத்தான்.

கடைசியில் நானே சொன்னேன், தும்புத்தூள். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் பிரித்தெடுக்கும்போது பழுப்பாக உதிருமே, அதுதான். தும்பு ஆலை வாசலில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. லேசானது, அமுக்கினால் திரும்ப எழும்பும், ஊசி சுகமாக இறங்கும். சும்மாவே கிடைக்கும். முழுக்கத் தாவரம்.

"அந்த மட்டை ஆறு மாசம் காயல்ல கிடந்து அழுகினதுல்லா?" என்றாள் சித்தி. "அதை விடவா எனக்க தலை அசிங்கம்?"

"நான் அதைக் கழுவி..." இல்லை, கழுவி என்று சொல்லவில்லை. "நான் அதை லேப்ல நூறு டிகிரிக்கு மேல சூடுபடுத்திக் காயவைப்பேன். ஒரு கிருமி இருக்காது. வேணும்னா பரிசோதனை பண்ணிக் காட்டறேன்" என்றேன்.

பண்ணினேன் டீச்சர். அதுதான் முக்கியம். வாயால் மட்டும் பேசுகிறவள் இல்லை நான். ஏப்ரலும் மேயும் விடுதி அறையில் ஆறு டப்பா வைத்தேன். தவிடு, மணல், பஞ்சு, மரத்தூள், முடி, தும்புத்தூள். ஒவ்வொன்றிலும் இருபது ஊசி. நாற்பது நாள். தும்புத்தூளில் ஒரு ஊசியில்கூடத் துரு இல்லை. முடியிலும் இல்லைதான். ஆனால் முடியை நான் சேர்த்தது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான், தேர்ந்தெடுக்க இல்லையே. பெரிய அட்டையில் ஆறு கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, தும்புத்தூளுக்குப் பச்சை அடித்து, கொண்டுபோய் லேஸ் அறைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டினேன்.

ஒருத்தியும் மாறவில்லை. "ஆகட்டும் மக்களே, அடுத்த தடவை அடைக்கும்போ பாப்போம்" என்றார்கள். சித்தி அட்டையைப் பார்த்துவிட்டு, "நல்ல பச்சை" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா மட்டும் எழுந்தாள். "எனக்கு வை பெனி" என்றாள். முப்பது பேர் முன்னால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படிப்பின் மதிப்பு தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நானே அவள் மெத்தையைப் பிரித்தேன். தும்புத்தூளை அடைத்துத் தைத்தேன். பழைய முடியை முற்றத்துச் சருகோடு போட்டுக் கொளுத்தினேன். அக்கா அடுக்களைச் சன்னலைச் சாத்தினாள். நாற்றம் வரும்தான், முடியில் கந்தகம் இருக்கிறது. அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, அம்மா அந்த உருண்டையிலா இருந்தாள்? அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன். "இல்லதான் மக்களே" என்றாள்.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. அக்கா கையில் அப்போது ஒரு பெரிய வேலை. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் குருப்பட்டம், ஆகஸ்டில். அவன் முதல் பூசைக்கு உடுத்துகிற வெள்ளை அங்கியின் கீழ்க்கரை. முழ அகலம். நூற்றறுபது குச்சி. அந்த அறையில் அதைத் தொடக்கூடியவள் அவள்தான், சித்தியே சொல்வாள். இரண்டு மாத வேலை. நான் வாராவாரம் போனில் கேட்பேன், "மெத்தை எப்படி இருக்குது அக்கா?" "நல்லாருக்கு மக்களே." "ஊசி?" "ஊசிக்கு என்னா, நல்லாருக்கு."

ஜூலைக் கடைசியில் ஊசியை எல்லாம் உருவி லேஸைத் தூக்கினார்கள். ஓரம் முழுக்க, ஊசி நின்ற ஒவ்வொரு இடத்திலும், கடுகு மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி.

இனிதான் நான் கொதித்துப்போன இடம். கேளுங்கள். அந்த அறையில் 'துருக்கை' என்று ஒரு பேச்சு உண்டு. சில பெண்களுக்கு வயது ஏறும்போது கை வேர்வை மாறிவிடுமாம், தொட்ட ஊசி துருப்பிடிக்குமாம். துருக்கை என்று ஆகிவிட்டால் அப்புறம் அவள் தலையணையைத் தொடக்கூடாது. வேறொருத்தி தலையணைப் பக்கமும் போகக்கூடாது. பின்வாசலில் சலவைக்கும் இஸ்திரிக்கும் அனுப்பிவிடுவார்கள். விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது. பதினாறு வருடம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எமி அக்காவை எழுப்பிவிட்டார்கள்.

கேள்விப்பட்ட அன்றே பஸ் ஏறினேன். நேரே சிஸ்டரிடம் போனேன். என்ன மூடத்தனம் இது சிஸ்டர், வேர்வையில் உப்பு எல்லாருக்கும்தான் இருக்கிறது, ஒரு மனுஷியை அவள் உடம்பைக் காரணம் காட்டி ஒதுக்குவது தீண்டாமை இல்லாமல் வேறென்ன, அடுத்து வீட்டுக்குள் வராதே என்று சொல்வீர்களா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே குச்சிச் சத்தம் நின்றுபோயிற்று. சிஸ்டர் முகம் வாடிவிட்டது.

"நான் அவளை ஒதுக்கல்ல மகளே" என்றார். "அந்தத் தூளாலயா இருக்கும்னு அவகிட்ட கேட்டேன். தூளுக்கு ஒண்ணும் இல்ல, எனக்க கைதான் இந்த மழையில வேர்க்குதுன்னு அவளே சொன்னா. பிறவு நான் என்ன செய்ய?"

எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை காலம் இந்த அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, தன் கையையே தப்பாக நினைக்கிற அளவுக்குப் போய்விட்டாள், பாருங்கள். மூடநம்பிக்கை எப்படி வேலை செய்கிறது!

வெளியே வரும்போது குருசம்மை சித்தி தலையணையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிள்ளே, உனக்க அக்காளுக்க கையில எனக்குத் தெரிஞ்சு வேர்வையே கிடையாது" என்றாள். "அதைத்தானே சித்தி நானும் சொல்றேன்!" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் குச்சியைத் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டாள். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள், அன்றைக்கு என் பக்கம் என்று நினைத்தேன்.

நிரூபிக்க வேண்டும் என்று தோன்றியது. தூளும் சரி, கையும் சரி, மழைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அக்காவைத் திரும்ப உட்கார வைத்துத்தானே ஆக வேண்டும்? மெத்தையிலிருந்து ஒரு சிட்டிகை தூள் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற சோதனைதான் டீச்சர். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும்.

தயிர் மாதிரி திரிந்தது.

சோதனைக் குழாயைக் கழுவிவிட்டுத் திரும்பச் செய்தேன். மூன்று தடவை. மட்டை ஊறியது காயல் தண்ணீரில். கடலோடு கலந்த தண்ணீர். சூடுபடுத்தினால் தண்ணீர் போகும், உப்பு எங்கே போகும்? திருநெல்வேலி மே மாதத்தில் காற்றில் ஈரமே இல்லை, என் டப்பாவில் உப்பு சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மழையில் விழித்துக்கொண்டது. குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசியிருந்தால் போதும். இரண்டு தடவை.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. சொல்வதற்குத்தான் இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் டீச்சர், இது என் ஒருத்தி விஷயம் இல்லை. நான் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னால் என்ன ஆகும்? பார்த்தாயா, முடிதான் சரி என்பார்கள். நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் பச்சை அட்டையைக் காட்டிச் சிரிப்பார்கள். அந்த அறைக்கு இனி எந்தப் புதிய விஷயமும் நுழையாது. அக்காவுக்கு நாற்காலி கிடைக்கும், வாஸ்தவம். துருக்கை என்கிற மூடத்தனம் அப்படியே இருக்கும் இல்லையா? கொள்கை என்று ஒன்று இருக்கிறது. முதலில் துருக்கை என்பதே கிடையாது என்று பொதுவாக ஒரு கட்டுரை எழுதி, அதில் ஓர் ஓரமாக உப்பையும் சேர்த்து... அப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், சனிக்கிழமை முழுக்க. ஞாயிறு பூசையில்கூட.

நேற்று சாயங்காலம் அக்கா கிணற்றடியில் நின்றாள். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, இரண்டு இடத்தில். ஊசிமெத்தையின் தையலைப் பிரித்து, தூளைத் தென்னை அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் கொட்டற?" என்றேன்.

"கிடந்து என்ன செய்ய? தென்னைக்காவது உப்பு நல்லதுல்லா" என்றாள்.

டீச்சர், உப்பு என்கிற வார்த்தையை நான் வீட்டில் சொல்லவே இல்லை.

"உப்புன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? குத்துகதுக்கு முன்ன ஊசியை வாயிலதானே வச்சுக்கிடுவோம். மொத நாளே கரிச்சுது."

"மொத நாளேவா? பிறகு ஏன் சொல்லல?"

அவள் மெத்தைத் துணியை உதறினாள். "நீ அட்டை எல்லாம் எழுதி ஒட்டியிருந்தியே மக்களே. அவளுவ முன்னால நான் எப்பிடி மாத்த? ஒவ்வொரு ஊசியா முந்தானையில தொடச்சுத் தொடச்சுத்தான் குத்தினேன். மழை தொடங்கின பிறவு தொடைச்சும் நிக்கல்ல."

அவள் புடவை முந்தானையில் பழுப்பாகக் கறை இருந்ததை ஜூனில் ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோதே பார்த்திருக்கிறேன். சாயா கொட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சண்டை போட்டேன். ஆமாம். உண்மையை மறைத்தது நீ, சிஸ்டரிடம் பொய் சொன்னது நீ, நாமே இப்படிப் பொய் சொன்னால் அந்த அறை எப்போது திருந்தும், உன்னால் ஒரு ஆராய்ச்சியே கெட்டுப்போயிற்று, முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அலசிக் கொடுத்திருப்பேனே என்று கத்தினேன். நான் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்தான், நீங்கள் வேண்டுமானால் யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். "மெல்லப் பேசு மக்களே, கேக்கும்" என்றாள். அது மட்டும்தான்.

அப்புறம் சோறு போட்டாள். சாப்பிடும்போது சொன்னாள்: "நீ யாருகிட்டயும் சொல்லாண்டாம். எனக்குச் சலவை பழகிட்டு. படிச்சு முடிச்சுட்டு வா."

இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சிஸ்டர் கொர்னேலியா மடத்து வாசலைத் திறந்துகொண்டிருந்தார். நான் அன்றைக்கு அவ்வளவு பேசியிருந்தும், என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "என்ன மகளே, கெளம்பிட்டியா?" என்று கேட்டார். பத்தடி தூரம்கூட இருக்காது. பஸ் வரவும் இல்லை. முழுசாகப் பத்து நிமிஷம் இருந்தது. "ஆமா சிஸ்டர்" என்றேன். அவர் பின்னால், வராண்டாவில், அக்கா இஸ்திரி மேசையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள்.

என்ன ஊர் இது, வள்ளியூரா? இங்கே இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் நாகர்கோவில் வண்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. தெரியும் எனக்கு. மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், லேஸ் அறையில் எல்லாரும் இருப்பார்கள். ஆனால் எனக்குப் பதினொரு மணிக்கு லேப் இருக்கிறது. புராஜெக்ட் மேடம் வேறு பொல்லாதவர்கள். எழுதிப் போட்டாலும் போதும் இல்லையா? கடிதமாக எழுதினால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம், உணர்ச்சிவசப்படாமல். என்ன சொல்கிறீர்கள்? அக்காவே வேண்டாம் என்றிருக்கிறாள், அவள் விருப்பத்தை மீறுவதற்கு எனக்கென்ன உரிமை? அதுவும் ஒரு கேள்விதானே?

நீங்கள் ஏன் டீச்சர் பேசாமல் இருக்கிறீர்கள்? அவளும் இப்படித்தான் பார்த்துக்கொண்டே இருப்பாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஏதாவது சொல்லுங்கள். நான் சொன்னதில் எது தப்பு என்று ஒரு வார்த்தை, எதிர்த்தாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர்.